ஜிங்கு வேலியும் எட்டு மணி வெயிலும்

எனக்கு இரவு ஷிப்ட். பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கியூசி, அதாவது தரம் பார்க்கும் வேலை. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் போர்டை வைத்து, எங்கே சோல்டர் சரியாகப் பிடிக்கவில்லை, எங்கே கீறல் விழுந்திருக்கிறது என்று விடிய விடியத் தேட வேண்டும். பதினேழு வருஷம் இதையே செய்தால் கண்ணுக்கு ஒரு வியாதி வந்துவிடுகிறது. எதைப் பார்த்தாலும் பழுதுதான் முதலில் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மணவறை ஜோடனையில் எந்தப் பூ வாடியிருக்கிறது என்று கண் தேடும்.

ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ் கெலுகோரில் இறக்கிவிடும்போது ஏழே முக்காலைத் தாண்டிவிடும். அங்கிருந்து எங்கள் ஃபிளாட்டுக்கு ஒரு லோரோங் (சந்து) வழியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. மேற்கே பார்த்து நடப்பேன், வெயில் முதுகில் அடிக்கும். அந்த லோரோங்கில் இன்னும் நாலைந்து கம்பத்து (கிராமத்து) வீடுகள் மிச்சம் இருக்கின்றன. அதில் ஒரு வீட்டுக்கு வலப்பக்கம் முழுக்க ஜிங்குத் தகர வேலி, துத்தநாகம் பூசி வரி வரியாக மடித்த இரும்புத் தகடு, முப்பதடிக்கு மேல் நீளம். வருஷக்கணக்கில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு பிப்ரவரி மாதக் காலையில் அது கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட புடவையைக் கொடியில் விரித்துப் போட்டது மாதிரி நின்றது. போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பழைய தகரம், அவ்வளவுதான். கோடும் இல்லை, புடவையும் இல்லை. அந்த எரிச்சலில்தான் இந்தப் பைத்தியம் ஆரம்பித்தது.

முதலில் போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதித் தவறு அதனுடையது. இன்றைய போன்கள் எச்டிஆர் என்ற பெயரில் நிழலைத் தாமாகவே வெளுக்க வைத்துவிடுகின்றன. முகத்தைப் படம் பிடிக்க அது நல்லது. நிழலையே படம் பிடிக்கப் போனவருக்கு அது சத்துரு. அதை அணைத்துவிட வேண்டும். அப்புறம், திரையில் தகரத்தின் மிக வெளிச்சமான இடத்தை விரலால் தொட்டு அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சின்னச் சூரியப் படத்தைக் கொஞ்சம் கீழே இழுக்க வேண்டும். நிழல் கறுப்பாகும்வரை இழுத்தால் போதும், பயப்பட வேண்டாம். அகலக் கோண லென்ஸைத் தொடவே கூடாது. நேர்க்கோடெல்லாம் வாழைப்பழம் மாதிரி வளையும். ஒரு மடங்கு அல்லது இரண்டு மடங்கில் வைத்துக்கொண்டு, காலால் பின்னால் நகர வேண்டும். திரையில் கட்டங்கள் தெரியும்படி வைத்துக்கொண்டு, தகரத்தின் வரியை அந்தக் கோட்டோடு ஒட்டிப் பார்த்தால் போன் சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். எனக்கு இடது கை எப்போதும் ஒரு நூல் தாழ்ந்துதான் நிற்கும். இன்னும் திருந்தவில்லை.

பிறகு பழைய கேமரா ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். அதில் இந்தக் காலை வெயிலுக்கு ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, நொடியில் 200-இல் ஒரு பங்கு என்று ஆரம்பித்து, முன்னே பின்னே மாற்றிக்கொள்வேன். ஆனால் நல்ல படங்களில் பாதி இன்னமும் போனில் எடுத்தவைதான். ஷிப்ட் முடிந்து வரும் பையில் சாப்பாட்டு டப்பாவும் குடையும் இருக்கும்போது கேமரா எங்கே கிடக்கும்?

போனைச் சரிசெய்த பிறகும் ஒரு நாள் வந்த படம் மறுநாள் வரவில்லை. அப்போதுதான் வெயிலைக் கவனிக்கத் தொடங்கினேன்.

ஜிங்குத் தகரத்தின் வரிகளை ஒரு நாள் ஸ்கேலால் அளந்தேன். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு மூன்று அங்குலம், பள்ளத்தின் ஆழம் முக்கால் அங்குலம். 1829-இல் லண்டனில் ஹென்றி ராபின்சன் பால்மர் என்பவர் இரும்புத் தகட்டை இப்படி அலையலையாக மடிக்கக் காப்புரிமை வாங்கினார். தட்டையாக இருந்தால் தொய்ந்து போகும் மெல்லிய தகடு, மடித்துவிட்டால் விறைப்பாக நிற்கும். அவர் நினைத்தது பலத்தை. அந்த முக்கால் அங்குலப் பள்ளம்தான் எனக்குப் படம்.

எங்கள் வேலி கிழக்கு மேற்காக ஓடுகிறது, முகம் தெற்கே பார்க்கிறது. டிசம்பரில் காலை எட்டு மணிச் சூரியன் நன்றாகத் தென்கிழக்கில் ஒதுங்கி நிற்கும். வெயில் வேலியின் முகத்தில் ஓரளவு நேராகவே விழும், நிழல் பாதிப் பள்ளத்தை மட்டும் மூடும். பிப்ரவரி நடுவில் சூரியன் கிழக்கை நோக்கி நகர்ந்துவிடும். வெயில் தகரத்தை உரசிக்கொண்டு போகும். ஒரு மேட்டின் நிழல் அடுத்த மேடுவரை நீண்டு, பள்ளம் முழுக்கக் கறுத்துவிடும். நான் முதல் நாள் பார்த்த புடவை அதுதான். மார்ச் முதல் வாரத்தில் மேட்டின் முனை மட்டும் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும், மற்றதெல்லாம் இருட்டு. மார்ச் கடைசியில் ஒரு காலையில் வந்து பார்த்தால் வேலி முழுக்க நிழலில் இருந்தது. மேகமில்லை, மழையில்லை. சூரியன் வேலிக்குப் பின்பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். இனி செப்டம்பர் கடைசியில்தான் காலை வெயில் இந்தப் பக்கம் திரும்பும்.

இது எனக்கு ஆறு மாதம் சம்பளம் நின்றுபோன மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் சிரித்தார். “உலகத்துல வேற வேலியே இல்லையா?”

இருந்தது. ஆனால் வேறு வேலிகளைப் பற்றிச் சொல்வதற்கு முன், அந்த வேலி வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரமோ என்னவோ, நான் குனிந்து ஒரு ஆணியை நெருக்கமாக எடுத்துக்கொண்டிருந்தேன். கேட் கிரீச்சென்று திறந்தது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் விளக்குமாறு.

“யாரும்மா நீ? எதுக்கு தெனமும் என் பாகார படம் புடிக்கிற? ஆலோங் அனுப்புனானா?”

பாகார் என்றால் வேலி. மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. வட்டிக்கு விடுகிற ஆலோங் ஆட்கள் கடன்காரன் வீட்டைப் படம் பிடிப்பார்கள், பிறகு வேலியில் சிவப்பு சாயத்தை ஊற்றிவிட்டுப் போவார்கள். பத்திரிகையில் அடிக்கடி வருகிற செய்தி. தொழிற்சாலை யூனிபார்மில் ஒருத்தி தினமும் வந்து நின்று, சொல்லாமல் கொள்ளாமல் படம் எடுத்தால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? பாட்டி தன் பேரன்கள் ஒவ்வொருவரிடமும் “எவன்டா கடன் வாங்கிவெச்சிருக்கீங்க” என்று கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. போனைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“இதுல என்னாம்மா இருக்கு? துருதானே.”

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது கிடைத்த பதில்: “வேலியில போற ஓணான எடுத்து வேட்டியில விட்டுக்கிட்டியே!”

அன்றிலிருந்து எனக்கென்று சில வழக்கங்களை வைத்துக்கொண்டேன். முதல் படத்துக்கு முன்னால் அந்த வீட்டு ஆளிடம் ஒரு வார்த்தை. ஆள் இல்லையென்றால் அன்றைக்குப் படமும் இல்லை. வீட்டு எண், கார் நம்பர், கேட்டின் பூட்டு, கொடியில் காயும் துணி, உள்ளே நடமாடும் பிள்ளைகள், எதுவும் படத்தில் வரக்கூடாது. எடுத்ததைக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். வேலி நமக்கு வடிவம், அவர்களுக்கு எல்லை. ரோட்டில் நின்று எடுக்கலாம் என்ற சட்ட வாதமெல்லாம் விளக்குமாற்றுக்கு முன்னால் செல்லாது.

பாட்டி அப்புறம் மோசமில்லை. “உள்ள வந்து பாரு, இந்தப் பக்கமும் துருதான்” என்று கூப்பிட்டுக் காட்டினார். உள்ளேதான் துருவின் கதை முழுசாகப் புரிந்தது. புதுத் தகரத்தை அருகில் பார்த்தால் பூப்பூவாக, உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டவைத்தது மாதிரி ஒரு மினுமினுப்பு இருக்கும். இரும்பின் மேல் பூசிய துத்தநாகம் ஆறும்போது பிடிக்கும் படிகங்கள் அவை. வீட்டு நிழலில் இருந்த ஒரு தகரத்தில் அந்தப் பூ இன்னும் இருந்தது. அடுத்ததில் பூவெல்லாம் மங்கி, திருநீறு பூசியது மாதிரி வெள்ளைப் பொடி. துத்தநாகம் தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும் கட்டம் அது. துத்தநாகம் தீர்ந்த இடத்தில்தான் செந்துரு. அதுவும் கண்ட இடத்தில் வராது. வெட்டிய ஓரத்தில், ஆணி அடித்த ஓட்டையில், இரண்டு தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மழைத்தண்ணீர் தங்கும் மடிப்பில் முதலில் பிடிக்கும். ஆணிக்குக் கீழே மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் வழிந்த தடத்தில் கண்மை கரைந்தது மாதிரி இறங்கும். எங்கள் பக்கம் கடல் அருகில் என்பதால் உப்புக் காற்று எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிடுகிறது.

பதினேழு வருஷமாக நான் தள்ளுபடி செய்துகொண்டிருந்த விஷயம் இது! போர்டில் இதில் நூறில் ஒரு பங்கு தெரிந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன்.

துருவின் நிறத்துக்கு வெயில் வேண்டாம். மழை விட்ட அரை மணி நேரம்தான் அதற்கு வேளை. ஈரத்தில் துரு செங்கல் நிறத்தில் இருந்தது கருஞ்சிவப்பாகிவிடும், தகரத்தின் பளபளப்பும் கண்ணைக் குத்தாது. வானம் மூடியிருந்தால் இன்னும் நல்லது. அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது ஒன்று கவனிக்கலாம். செயலியில் சிவப்பைக் கூட்டினால் துரு வெளுத்துப்போகும், குறைத்தால் கரிபோல் கறுக்கும். வேலியில் படர்ந்த கொடியைத் தனியாகப் பச்சையில் ஏற்றி இறக்கலாம். நான் பெரும்பாலும் துருவைக் கறுக்கவிடுவேன்.

பாட்டியின் கோழிக்கூண்டுக்கும் ஜிங்குக் கூரைதான், ஆணி பிடுங்கிய ஓட்டைகளோடு. ஒரு விடுமுறை நாள் மதியம் உள்ளே குனிந்து பார்த்தேன். ஓட்டைகள் கோணல்மாணலாகக் கிழிந்திருந்தன. தரையில் விழுந்த வெளிச்சப் புள்ளிகளோ உருண்டையாக, கிட்டத்தட்ட 20 காசு அளவில் இருந்தன. அவை ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கேமரா. 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று எங்கள் பழைய வீட்டுக் கார் ஷெட்டில் இதே புள்ளிகள் எல்லாம் பிறை பிறையாக விழுந்ததை அம்மா காட்டினார். அன்றைக்குப் போனில் ஒரு படம்கூட எடுக்கவில்லை, உள்ளே போய்ச் சோறு சாப்பிட்டேன்.

எடுக்காமல் விட்டவை பற்றிப் பேசினால் கம்போங் புவா பாலாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. கெலுகோரிலேயே, நம்மவர்கள் மாடு வளர்த்த கிராமம். 2009-இல் இடித்துவிட்டார்கள். மாட்டுக்கொட்டகையைச் சுற்றி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பலகை, தகரம், கம்பி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய வேலிகள் நினைவில் இருக்கின்றன. பால் வாங்கப் போனபோது அவற்றின் மேல் சாய்ந்து நின்றிருக்கிறேன். இப்போது அங்கே அடுக்குமாடி. கையில் ஒரு படம் இல்லை.

சரி, அந்த ஆறு மாதத்துக்கு வருகிறேன்.

தகரம் நிழலுக்குள் போனதும் கம்பி வேலிகளைத் தேடினேன். பள்ளித் திடல், பூப்பந்துக் களம், மின்சாரத் துணைநிலையம், எல்லா இடத்திலும் அந்த வைர வடிவக் கண்ணி வேலி உண்டு. (துணைநிலையத்தைப் படம் பிடிக்கப் போகாதீர்கள், காவலாளி வருவார். அனுபவம்.) வேலியை எடுத்தால் பெரும்பாலும் சலிப்பாக இருக்கும். அதன் நிழலை எடுக்க வேண்டும். நிழல் சிமெண்டுத் தரையில் சாய்ந்து விழும்போது வைரங்கள் நீண்டு, சாலையின் மேடு பள்ளத்தில் நெளிந்து, சிக்குக் கோலத்தில் யாரோ தண்ணீர் தெளித்தது போல ஆகிவிடும். ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கம்பியின் தடிமன் மூன்று மில்லிமீட்டர்தான். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை பாகை அகலமுள்ள வட்டு. அதனால் கம்பியிலிருந்து ஒரு அடி தூரத்துக்குள் விழும் நிழல்தான் கறுப்பாக, கூராக இருக்கும். அதற்கு மேல் தள்ளிப் போகப் போகச் சாம்பலாகி, கலங்கி, கடைசியில் காணாமல் போய்விடும். வேலியின் அடிப்பகுதி நிழல் தெளிவாகவும் மேல்பகுதி நிழல் புகையாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். நான் முதலில் போகஸ் தவறு என்று நினைத்து நூறு படத்தை அழித்தேன்.

வேலியையே எடுப்பதென்றால் போகஸைக் கம்பியில் பூட்டுங்கள், இல்லாவிட்டால் போன் கண்ணிக்குள் புகுந்து பின்னால் நிற்கும் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். கோழி வலை மாதிரி நுண்ணிய வலையில் திரையில் வானவில் அலைகள் ஓடினால் போன் கெட்டுப்போகவில்லை. வலையின் கட்டமும் சென்சாரின் கட்டமும் மோதுகின்றன. இரண்டடி முன்னே பின்னே நகர்ந்தால் அலை மறைந்துவிடும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் மேலே சுருட்டிவிட்ட பச்சை பிஆர்சி கம்பி வேலி எனக்குப் பிடிக்காது. பெயிண்ட் உரியும்வரை அதில் ஒன்றும் இல்லை.

பலகை வேலி வேறு சாதி. நட்டுக்குத்தாக நிற்கும் வரிகளுக்குச் சூரியன் எந்தத் திசையில் நிற்கிறது என்பதுதான் கணக்கு, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது இல்லை. படுக்கையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி அடித்த பலகைகளுக்கு இது தலைகீழ். உயரம்தான் முக்கியம். வெயில் உச்சியில் இருக்கும்போது ஒவ்வொரு பலகையின் உதடும் கீழ்ப்பலகையில் நிழலை வார்க்கும். மதிய வெயிலில் படம் எடுக்காதே என்று சொல்பவர்கள் பலகை வேலியைப் பார்க்காதவர்கள். ஆனால் உச்சி வேளை நமக்கு 12 மணி இல்லை. 1982-இல் மலேசியா முழுவதும் ஒரே நேரத்துக்கு மாறியதிலிருந்து பினாங்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் மணி ஒன்றேகால் ஆகியிருக்கும். ஏப்ரல் 4 வாக்கிலும் செப்டம்பர் 9 வாக்கிலும் அது சரியாக நம் தலைக்கு மேல் வந்து நிற்கும். அந்த ஏப்ரலில் எனக்கு விடுமுறை. ஒன்றேகாலுக்கு லோரோங்கில் போய் நின்றேன். வேலிக்கு இரண்டு பக்கமும் நிழலே இல்லை. கம்பம், மரக்குற்றி, நான், எதற்கும் நிழல் பக்கவாட்டில் நீளவில்லை. எடுத்த படம் வெறும் தகரம்தான், ஆனாலும் வைத்திருக்கிறேன்.

ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுவரை வடக்கு பார்த்த முகங்களுக்குத்தான் வாழ்வு. எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறையின் பின்வேலி அப்படி அகப்பட்டது. ஆகஸ்டில் சில நாள் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்து எல்லா நிழலையும் துடைத்துவிட்டது.

செப்டம்பர் கடைசி வந்தது. நானும் தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வேலியைத்தான் பார்ப்பேன். வெயில் திரும்பியதா என்றால் வானம் திரும்பவில்லை. இங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழைக்காலம். விடிந்ததும் கறுத்து நிற்கும். அக்டோபரில் இரண்டே நாள் ஐந்தைந்து நிமிடம் வெயில் எட்டிப் பார்த்தது. ஒரு நாள் பேட்டரி இல்லை. மறுநாள் மீன்காரரின் லாரி வேலிக்கு முன்னால் நின்றது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு நல்ல வெயில் அடித்தது. கோணம் எனக்கு மனப்பாடம், பிப்ரவரியில் பார்த்த அதே உரசல் வெயில். வேக வேகமாக நடந்து வந்தேன்.

வேலி வெள்ளி நிறத்தில் பளபளவென்று நின்றது. ஓரத்தில் பெயிண்ட் டின்னும் பிரஷ்ஷும் இன்னும் கிடந்தன. பாட்டி கேட்டில் காத்துக்கொண்டிருந்தார், எனக்காகவே நின்ற மாதிரி.

“தெனமும் ஒரு புள்ள வந்து படம் புடிக்குது, பாகார் இப்படி அசிங்கமா இருக்கேன்னு பேரன்கிட்ட சொன்னேன். ரெண்டு நாளா உக்காந்து அடிச்சான். இப்ப எடும்மா, நல்லா இருக்குல்ல?”

“நல்லா இருக்கு பாட்டி” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? எடுத்தேன். வெள்ளிப் பெயிண்டில் வெளிச்சம் தெறித்ததால் வழக்கத்தைவிட இன்னும் கீழே இழுக்க வேண்டியிருந்தது. பேரன் மேலிருந்து கீழாக அடிக்காமல் குறுக்கே அடித்திருந்தான். பிரஷ்ஷின் தடம் வரிகளுக்குக் குறுக்கே போய், நெசவு மாதிரி ஒரு பின்னல் விழுந்திருந்தது. அது ஒரு படத்தில் பரவாயில்லாமல் வந்தது. அதைப் பெரிதாக அச்சடித்து, தீபாவளிப் பலகாரத் தட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வரவேற்பறையில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

துருவோடு எடுத்த பழைய படங்கள் எதையும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, இடமிருந்து நாலாவது தகரத்தில், மேல் ஆணிக்கு அடியில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. சுண்டு விரல் நகம் அளவுதான். பாட்டி இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். வாரம் ஒரு தடவை அதை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.